சந்தேகசாமியின் பெட்டி

அந்தப் பலகையைப் போட்டது யார் என்று இஸ்திரி அக்காவுக்கு ஒரு வருஷம் தெரியாமலே இருந்தது.

அது ஒன்பது மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் லிப்டை ஒட்டி, பழைய சாமான் போடுகிற ஒரு சின்ன அறை. அங்கேதான் அவள் துணி தேய்ப்பாள். காலை எட்டு மணிக்கு நின்றால் சாயங்காலம் ஐந்து வரைக்கும் நின்றதுதான். சிமெண்டுத் தரையில் குதிகால் விண்விண்ணென்று தெறிக்கும். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால், மேசைக்கு முன்னால் அவள் நிற்கிற அதே இடத்தில் ஒரு பலகை கிடந்தது. மேலே தடித்த ரப்பர் ஒட்டி, ஓரத்தில் கால் இடறாதபடி இழைத்து வைத்திருந்தது. ஏறி நின்றாள். மெத்தென்று இருந்தது. கடவுளே, இதைச் செய்த கைக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவள் காலை வேண்டுதலில் அம்மா, மகள், கடல் கடந்து போன தம்பி எல்லோருக்கும் பிறகு, "பலகை போட்டவர்" என்று ஒருவரும் சேர்ந்துகொண்டார்.

ஒரு வருஷம் கழித்து வாட்ச்மேன் பேச்சுவாக்கில் உளறினான். அந்த ரப்பர் முன்பு லிப்டின் தரையில் கிடந்த பழைய விரிப்பாம். அதைக் கழற்றியவர் லிப்ட் மெக்கானிக். அவள் நேரே போய்க் கேட்டாள். அவர் ஏணியில் பாதி ஏறியிருந்தார். "சும்மா கிடந்த ரப்பர்மா" என்று சொல்லிவிட்டு மீதி ஏணியையும் ஏறிப் போய்விட்டார்.

அந்த மனிதருக்குக் கட்டடத்தில் வைத்திருந்த பெயர் சந்தேகசாமி. லிப்டுக்கு வருஷம் ஒரு தடவை ஆபீசர் வந்து பார்த்து, "எல்லாம் சரி" என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார். இவருக்கு அந்த ஸ்டிக்கர் போதாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணி நேரம் லிப்டை நிறுத்திவிட்டு, ஒரு பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, இரும்புக் கயிற்றை அடி முதல் நுனி வரை தடவிப் பார்ப்பார். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி அதில் மாட்டும். அந்தத் துணிகளை இஸ்திரி அக்காதான் கொடுப்பாள், யாரும் திரும்ப வாங்காத கிழிசல்கள். சனிக்கிழமை காய்கறிப் பையோடு படி ஏறுகிறவர்கள் ஒவ்வொரு மாடியிலும் நின்று அவரைத் திட்டுவார்கள். ஏழாவது மாடி வக்கீல் வீட்டம்மா ஒரு தரம், "ஸ்டிக்கர் ஒட்டினவரை நம்ப மாட்டீங்க, எங்களை நம்ப மாட்டீங்க, உங்க பொண்டாட்டியையாவது நம்பினீங்களா?" என்று கேட்டாள். அவர் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் கோபப்படவில்லை. "அவ என்னை நம்பினாம்மா. அதான் நான் பாத்துப் பாத்து நடந்தேன்" என்றார்.

இஸ்திரி அக்காவுக்கு அது புரியவில்லை. ஆனால் நல்ல வார்த்தை என்று பட்டது.

ஒரு நாள் அவர் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தார். டிபன் டப்பா அளவு இருக்கும். பக்கத்தில் இன்னொரு குட்டிப் பெட்டி, பச்சை விளக்கு, ஒரு சின்னத் திரை. கட்டடத்துக்கு வருகிற இன்டர்நெட் ஒயர் அந்த அறை வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. அதனால் இதை இங்கே வைத்துக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்டார். அறை என்ன அவள் அப்பன் வீட்டுச் சொத்தா? இருந்தாலும் கேட்டார். சுவரில் இரண்டு பிளக் பாயிண்ட் இருந்தன. ஒன்று அவள் இஸ்திரிப் பெட்டிக்கு, இன்னொன்று இதற்கு.

"உள்ள என்னண்ணே இருக்கு?"

"கணக்கு."

"யாரு கணக்கு?"

"எல்லார் கணக்கும்."

அவர் விளக்கியதில் அவள் பிடித்துக்கொண்டது இவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் மட்டும் ஓடுகிற ஒரு காசு இருக்கிறது. அதற்கு பேங்க் கிடையாது, மேனேஜர் கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரே ஒரு பெரிய பேரேடு. அதை உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கு ஒரு நகலாக வைத்திருக்கிறார்கள். இந்தப் பெட்டியும் ஒரு நகல். முழு நோடு என்று பெயர். முதல் நாள் முதல் வரியிலிருந்து இன்றைய வரி வரை எல்லாவற்றையும் தானே சரிபார்க்கும். ஒரு வரி தப்பாக வந்தாலும் யார் அனுப்பினார்கள் என்று பார்க்காமல் தூக்கி எறிந்துவிடும்.

இதற்கு என்ன தருவார்கள் என்று கேட்டாள். ஒன்றும் தர மாட்டார்களாம். கரண்டு பில்லுக்கு அவரே கட்டடக் கமிட்டியிடம் மாதாமாதம் பணம் கொடுத்துவிடுகிறாராம். அப்புறம் எதற்கு இந்தக் கூத்து?

"யாரையும் கேக்க வேண்டியதில்லம்மா. அதுக்குத்தான்."

வீட்டில் சொல்கிற ஆள் இல்லையென்றால் ஆண்பிள்ளை இப்படித்தான் ஆகிவிடுவான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வாட்ச்மேன்தான் பிறகு காரணம் சொன்னான். மெக்கானிக் பதினெட்டு வருஷம் ஒரு கம்பெனியில் சீட்டுக் கட்டினாராம். பாஸ்புக்கில் எல்லா மாதமும் ஒழுங்காக முத்திரை விழுந்திருந்ததாம். ஒரு நாள் போய்ப் பார்த்தால் ஆபீஸே இல்லை. பாஸ்புக் மட்டும் இன்னும் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம்.

இதெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்றுதான் அவள் இருந்தாள், தம்பி பேசும் வரைக்கும்.

தம்பி சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறான். மூன்று வருஷத்துக்கு முன்னால், அடகில் இருந்த அம்மாவின் நகையை மீட்டுத் தருகிறேன் என்று பணம் வாங்கிப் போனவன், நகையும் இல்லாமல் பணமும் இல்லாமல் வந்து நின்றான். "அனுப்பிட்டேன்கா, அனுப்பிட்டேன்கா" என்று அப்போதும் இரண்டு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு அக்கா அவனோடு பேசவில்லை. இப்போது அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, சோற்றுத் தட்டைத் தடவிப் பார்த்துச் சாப்பிடும் நிலை. ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் பணம் கட்டினால் வெள்ளிக்கிழமை ஆபரேஷன். தவறினால் அடுத்த முறை நாலு மாதம் கழித்து. கேள்விப்பட்டுத் தம்பியே கூப்பிட்டான். முழுச் செலவும் தன்னுடையது என்றான். கப்பலில் எல்லோரும் மெக்கானிக் சொன்ன அந்தக் கம்ப்யூட்டர் காசாகத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். செல்போன் கடைக்காரர் அவள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். காசு வந்ததும் காட்டும், தன்னிடம் கொண்டுவந்தால் நோட்டாக மாற்றித் தருகிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை தம்பி ஒரு நீளமான எழுத்துச் சரத்தை அனுப்பினான். "இதான்கா ரசீது. அனுப்பிட்டேன்."

போன் ஒன்றும் காட்டவில்லை. சனி காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து வந்து பார்த்தாள், வெறும் சைபர். அனுப்பிட்டேன்கா. அதே வார்த்தை.

திங்கட்கிழமை காலை, இஸ்திரிப் பெட்டியைச் செருகுவதற்கு முன்பே செல்போன் கடைக்குப் போனாள். கடைக்காரர் தன் போனில் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரர் போனிலும் பார்த்தார். இரண்டிலும் இல்லை. திரும்பி வந்தால் வாட்ச்மேன் தன் போனில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, ரசீதைத் தட்டிப் பார்த்து, "வந்திருக்குன்னு போட்டிருக்கேக்கா" என்றான். மூன்று போன் இல்லை என்கிறது, ஒரு போன் உண்டு என்கிறது. மெக்கானிக் பத்து நாளாக வேறொரு கட்டடத்தில் புது லிப்ட் மாட்டப் போயிருந்தவர், அன்றுதான் திரும்பியிருந்தார். அவரிடம் போய் முறையிட்டாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். "இந்த மூணு போன்லயும் ஒரே ஆப்புதாம்மா. மூணும் ஒரே சர்வரைத்தான் கேக்குது. மூணு பேரு ஒரே ஆளுகிட்ட விசாரிச்சுட்டு வந்து சொன்னா அது மூணு சாட்சியா?"

"அப்ப வாட்ச்மேன் சொல்றதுதான் நிஜமா?"

"அதுவும் யாரோ ஒருத்தர் சொல்றதுதானே."

செல்போனால் அந்தப் பேரேடு முழுவதையும் சுமக்க முடியாது என்றார். அது ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, முழுப் புத்தகம் வைத்திருக்கிற வேறு யாரையாவது, "எனக்கு ஏதாவது வந்ததா?" என்று கேட்கும். அந்த ஆள் இல்லாததை இருப்பதாகப் பொய் சொன்னால், தலைப்போடு ஒத்துப் பார்த்துப் போன் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் வந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் போனுக்குத் தெரியவே தெரியாது.

இஸ்திரி அக்கா இதைத் தன் தொழிலில் வைத்துப் பார்த்தாள். துணி எடுக்கப் போகும்போது வீட்டுக்காரர்கள், "பதினாலு இருக்கு" என்பார்கள். அவள் ஒரு வீட்டுச் சொல்லையும் எடுத்துக்கொள்ள மாட்டாள், அங்கேயே உட்கார்ந்து எண்ணுவாள். மூன்றாவது மாடி டாக்டரம்மா வீடு மட்டும் விதிவிலக்கு. அந்த அம்மா சொன்னால் சொன்னதுதான். அப்படியானால் அவள் டாக்டரம்மா வீட்டுக்குப் போன் மாதிரி, மற்ற வீட்டுக்கெல்லாம் பெட்டி மாதிரியா? யோசிக்க யோசிக்கச் சிக்குத்தான் விழுந்தது.

"உங்க பெட்டிதான் யாரையும் கேக்காதே. அதைப் பாத்துச் சொல்லுங்கண்ணே, போதும்."

அவர் பெட்டியின் திரையைப் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாக, "இது ஏம்மா மொதல்லேர்ந்து எண்ணிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவளுடைய பிளக் பாயிண்ட் போன வாரம் பொறி பறந்து கருகிவிட்டது. அவள் எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அது வரைக்கும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். சாயங்காலம் போகும்போது மறக்காமல் பெட்டியை மாட்டிவிட்டுத்தான் போனாள். ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறினால் பகல் முழுக்க ஓடும் என்பது அவள் கணக்கு. போன் அப்படித்தானே ஓடுகிறது? ஒரு நாள் மாட்ட மறந்ததுபோல் இருந்து, பாதி வழியிலிருந்து திரும்பி வந்துகூட மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

பெட்டிக்குள் பேட்டரியே கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே தினமும் மூச்சை நிறுத்தியதில் அதன் புத்தகம் குழம்பிப்போய், எதையும் நம்பாமல் முதல் வரியிலிருந்து மறுபடி சரிபார்க்க ஆரம்பித்திருந்தது. முடிய வியாழக்கிழமை ஆகலாம் என்றார் மெக்கானிக். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அன்றே கருகிய பாயிண்டை மாற்றிக் கொடுத்தார்.

"அது வரைக்கும் உங்களுக்குத் தோணுறதையாவது சொல்லுங்கண்ணே. தம்பி அனுப்பியிருப்பானா, மாட்டானா?"

"பாக்காம சொல்ல மாட்டேம்மா."

"எங்கம்மாவுக்குக் கண்ணு போனாலும் சொல்ல மாட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லவில்லை. அவளுக்கு அப்போது அவர்மேல் வந்த ஆத்திரத்தில், காலடியில் இருந்த பலகையைக்கூட நகர்த்தி வைத்துவிட்டுத் தரையில் நின்று தேய்த்தாள். ஒரு மணி நேரத்தில் குதிகால் வலித்தது. பலகையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அம்மா கேட்டாள், "தம்பி அனுப்பிட்டானா?" என்று. அந்தக் கேள்வியில் இருந்த ஆசையை அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு பதில் கையில் இருந்தது. வந்தது என்று ஒன்று, வரவில்லை என்று ஒன்று. ஏன் என்று தெரியாமலே அவள் மனசு வரவில்லை என்பதன் பக்கம் சாய்ந்தது. தம்பிக்குப் போனில் குரல் செய்தி அனுப்பினாள். "பெத்த தாயோட கண்ணுலயும் விளையாடிட்டேல்ல. இனிமே நான் உனக்கு அக்கா இல்ல. அம்மா போனா கூட உனக்குச் சொல்லி அனுப்ப மாட்டேன்." பதில் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. பதில் வராததையே அவள் இன்னொரு சாட்சியாக எடுத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு நாளும் துணி தேய்த்தபடி பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண் மட்டும் அவளுக்குப் படிக்க வரும். நூறு வந்தால் எண்ணி முடித்ததாக அர்த்தம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். நாற்பது, ஐம்பத்தொன்று, அறுபத்தெட்டு. ஊர் உலகத்துக் காசையெல்லாம் எண்ணிவிட்டுத் தன் வீட்டுக் காசுக்கு எப்போது வரப்போகிறதோ? கடவுளே, அதைச் சீக்கிரம் எண்ண வை என்று வேண்டினாள். பிறகு, எண்ணி முடித்து இல்லை என்று சொல்லிவிட்டால்? மெதுவாகவே எண்ணட்டும் என்றும் வேண்டினாள். எதைக் கேட்கிறாள் என்று ஆண்டவனுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு எண் நூறைத் தொட்டது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தம்பி அனுப்பிய ரசீதுச் சரத்தைத் தட்டினார். திரையில் வரிகள் வந்தன. அவர் படித்தார். நகர்ந்து நின்று அவளுக்கு வழிவிட்டார்.

"நீயே பாரும்மா."

"எனக்கு இங்கிலீசு தெரியாதேண்ணே."

"துணியில குறி பாக்கத் தெரியும்ல?"

அது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் காலருக்குள் ஒரு குறி. மூன்று புள்ளி, ஒரு கோடு, ஒரு கொக்கி. இருநூறு வீட்டுக் குறி அவள் கண்ணில் இருக்கிறது. போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். வயிறு மாதிரி ஒன்று, ஏணி மாதிரி ஒன்று, எட்டு, இரண்டு கொக்கி. அறுபத்துநாலு குறியும் ஒத்துப்போயின. பக்கத்தில் தேதி இருந்தது. போன வெள்ளிக்கிழமை. தம்பி சொன்ன அதே நாள், அவன் சொன்ன அதே தொகை.

மெக்கானிக் அவள் போனை வாங்கி, அது கேட்கிற இடத்தை மாற்றி, இந்தப் பெட்டியையே கேட்கும்படி வைத்தார். உடனே போனும் வந்துவிட்டது என்று காட்டியது. ஆறு நாளாக இல்லை என்ற அதே போன். அந்தப் பழைய சர்வர் ஏமாற்றியதா, தூங்கியதா என்று கேட்டாள். "தெரியலம்மா. அதுக்குள்ள போய் நம்மால பாக்க முடியாது" என்றார். அவள் செல்போன் கடைக்கு ஓடி, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, பன்னிரண்டு அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போது பணம் கட்டினாள்.

கட்டுப் பிரித்த அன்று அம்மா முதலில் பார்த்தது அக்காவின் நரைமுடியைத்தான். "எப்படி இவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள்.

தம்பியின் கப்பல் நடுக்கடலில், சிக்னல் இல்லாத இடத்தில் இருந்திருக்கிறது. ஒன்பது நாள் கழித்துத்தான் அவள் பேசியது அவனுக்குப் போய்ச் சேர்ந்தது, நடந்ததைச் சொல்லி அவள் பிறகு அனுப்பிய மன்னிப்பும் அதோடு சேர்ந்தே போனது. அவன் கூப்பிட்டான். திட்டுவான் என்று பயந்து எடுத்தாள்.

"விடுக்கா. நான் செஞ்சதுக்கு நீ நம்பாம இருந்தது நியாயம்தான்" என்றான். "ஆனா என்னைக் கேட்டு நம்பாம, ஒரு டப்பாவைக் கேட்டு நம்புன பாரு, அதான் வயித்தெரிச்சல்" என்றான்.

அது கேலியா, வருத்தமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பெட்டியைத்தான் அவள் நம்பினாளா? எழுத்துப் படிக்கத் தெரியாதவள், ஒத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பெட்டி நிஜத்தைத்தான் காட்டுகிறது என்று அவளுக்கு யார் சொன்னது? மெக்கானிக்தான். அவரை எதை வைத்து நம்பினாள்? ஒரு ரப்பர் பலகையை வைத்து. ஒரு தரம் அவரிடமே இதைக் கேட்டாள். எல்லோரும் வீட்டுக்கு வீடு பெட்டி வைக்க வேண்டுமா, போனையெல்லாம் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா என்றாள். அவர் சிரித்தார். சில்லறை விஷயத்துக்குப் போன் போதும் என்றார். லிப்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டா ஏறுகிறார்கள்? யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால் சரி என்றார்.

அடுத்த வருஷம் கட்டடத்தில் புது லிப்ட் வந்தது. கயிற்றில் கோளாறு என்றால் லிப்டே வேறு ஊரில் இருக்கிற ஆபீசுக்குத் தகவல் சொல்லிவிடுமாம். தடவிப் பார்க்க ஆள் வேண்டாமாம். மெக்கானிக் ஒரு சனிக்கிழமை, பழக்க தோஷத்தில் துணி கேட்டு அவளிடம் வந்து, வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வெளியூரில் இருக்கிற தன் மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவு செய்தார்.

கிளம்பும் நாளன்று தோளில் ஒரு பையோடு அந்த அறைக்கு வந்தார். பெட்டியை எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அவள் மேலே இருந்த தூசியைத் துடைத்து வைத்திருந்தாள். அவர் அதைத் தொடவில்லை. மகள் வீடு ஒரு அறையும் சமையலறையும்தானாம். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடமே அங்கே இல்லையாம், இன்டர்நெட் ஒயரும் கிடையாதாம். அதனால் பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். கரண்டுக்கு மாதாமாதம் அனுப்பிவிடுவாராம். தன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு ஆப் இருந்தது. இனி அவருக்கும் போன்தான். அந்தப் போன் அவள் அறையில் இருக்கிற இந்தப் பெட்டியைக் கேட்டு அவருக்குச் சொல்லும்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணே, யாரையும் கேக்க வேண்டாம்னுதானே இதையே வாங்குனீங்க. இப்ப என்கிட்டல்ல கேக்கப் போறீங்க?"

அவர் யோசித்தார். பலகையின் ஓரத்தில் ரப்பர் லேசாகக் கிளம்பியிருந்ததைக் கால் விரலால் அழுத்திப் பார்த்தார். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆமாம்மா. எனக்கும் அது ஒண்ணுதான் புரியல" என்றார். "பிளக்கை மட்டும் பிடுங்கிடாதே."